ஓ.எம். நம்பியார்: உஷாவை ஓட வைத்த வாத்தியார்

செப்டம்பர் 5 வந்தால் நாம் எல்லோரும் நம் வாத்தியார்களை நினைத்துக்கொள்கிறோம். கணக்கு வாத்தியார், தமிழ் ஐயா, தலைமையாசிரியர் என்று ஒரு வரிசை வரும். அந்த வரிசையில் பெரும்பாலும் இடம் கிடைக்காதவர் ட்ரில் மாஸ்டர். விசிலும் வெள்ளை கேன்வாஸ் ஷூவுமாக வெயிலில் நின்ற அந்த மனிதரின் பெயர்கூட நம்மில் பலருக்கு மறந்துபோயிருக்கும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பள்ளியில் அவரையும் 'முசியே' என்றுதான் மரியாதையாகக் கூப்பிட்டோம். ஆனால் நிலைமை தமிழ்வழிப் பள்ளிகளில் இருந்ததேதான். பரீட்சை நெருங்கினால் முதலில் காவு கொடுக்கப்படுவது அவருடைய பீரியடு.

இத்தனைக்கும் இந்தத் தொழிலுக்கு நம் மாநிலத்தில் நல்ல பரம்பரை உண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் அவரே. நம் ஊர்களுக்கு வந்த ட்ரில் மாஸ்டர்களில் பலர் அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள், அல்லது அங்கே பயின்றவர்களிடம் பயின்றவர்கள்.

இந்த ஆசிரியர் தினத்துக்கு ஒரு விளையாட்டு வாத்தியாரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அவர் நம் மாவட்டத்துக்காரர் அல்ல, மலையாளி. பெயர் ஓ.எம். நம்பியார். பெயரைச் சொன்னால் யோசிப்பவர்கள்கூட, பி.டி. உஷாவின் கோச் என்றால் "ஓ, அவரா" என்பார்கள். அந்த "ஓ, அவரா" என்பதற்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது.

அவரை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நேரில் பழகியவன் அல்ல நான். புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்தபோது, எண்பதுகளின் முற்பகுதியில் என்னை மாஹேக்கு மாற்றினார்கள். புதுச்சேரியிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். மேற்குக் கடற்கரையில் கேரளத்துக்கு நடுவே, ஏறக்குறைய ஒன்பது சதுர கிலோமீட்டரில் கிடக்கும் பழைய பிரெஞ்சுப் பகுதி அது. வடக்கே கண்ணூர் போகும் வழியில் தலச்சேரி, தெற்கே வடகரை, அதையும் தாண்டினால் பய்யோளி. நம்பியாரின் வீடு வடகரைக்குப் பக்கத்தில் மணியூரில். உஷா வளர்ந்தது பய்யோளியில். அவர்கள் இருவரும் சந்தித்த விளையாட்டுப் பள்ளி கண்ணூரில். ஆக, இந்தக் கதை முழுக்க நடந்த சாலையின் நடுவில்தான் என் அலுவலகம் இருந்தது. அந்தச் சில வருடங்களில் அங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் வேறு பேச்சு காதில் விழாது.

அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வடகரையும் தலச்சேரியும் களரிப்பயிற்று வாழும் பூமி. அங்கே உடம்பைப் பழக்கும் ஆசானுக்கு 'குருக்கள்' என்று பெயர், கோயில் பூசாரிக்கு உள்ள மரியாதை. தலச்சேரியில் பாசல் மிஷன் நடத்திய பள்ளியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்று ஒரு ஜிம்னாஸ்டிக் வாத்தியார் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மகாராஷ்டிரத்திலிருந்து விஷ்ணுபந்த் சத்ரே தன் சர்க்கஸைக் கொண்டுவந்தபோது இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. அதன் விளைவாக, குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் தலச்சேரி சிறக்கரையில் சர்க்கஸுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி வைத்தார். நாம் சின்ன வயதில் கூடாரத்தில் பார்த்த சர்க்கஸ்காரர்களில் பாதிப்பேர் மலையாளிகளாக இருந்ததற்குக் காரணம் அந்த ஒரு வாத்தியார்தான். ஒரு சிறு நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒரு தொழிலையே உண்டாக்கிவிட்டுப் போன ஊர் அது. நம்பியார் அந்த வட்டாரத்தில் வந்தவர்.

ஒதயோத்து மாதவன் நம்பியார் பிறந்தது 1932-இல். கோழிக்கோடு குருவாயூரப்பன் கல்லூரியில் படிக்கும்போது நல்ல ஓட்டக்காரர். ராணுவத்தில் சேர்ந்தால் விளையாட்டில் முன்னேறலாம் என்று கல்லூரி முதல்வர் யோசனை சொல்ல, இந்திய விமானப் படையில் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகள் பணி. முப்படைகளின் அணிக்காகத் தேசியப் போட்டிகளில் ஓடினார். ஆனால் இந்தியாவுக்காக ஒரு வெளிநாட்டுப் போட்டியில் ஓடும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1970-இல் விமானப் படையிலிருந்து விலகியபோது அவர் சார்ஜண்ட். வயது முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டு வயதில் ஓட்டக்காரனின் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. விருப்பப்பட்டிருந்தால் ஒரு வங்கியிலோ தொழிற்சாலையிலோ முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வேலைக்குப் போயிருக்கலாம். அவர் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிலையத்தில் பயிற்சியாளர் பட்டயம் பெற்று, கேரள ஸ்போர்ட்ஸ் கவுன்சிலில் சேர்ந்தார். திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜி.வி. ராஜா உருவாக்கிய அமைப்பு அது. கேரளத்தில் ஓட்டமும் தாண்டுதலும் அந்த அளவுக்கு வளர்ந்ததற்கு அவர் போட்ட அடித்தளம் ஒரு முக்கியமான காரணம்.

1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்காக விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. நாற்பது பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தங்க வைத்து, படிப்பும் பயிற்சியும் கொடுக்கும் ஏற்பாடு. ஓட்டப் பயிற்சிக்கு நம்பியார். அந்த நாற்பதில் ஒருத்தி பய்யோளியிலிருந்து வந்த உஷா. 1964-இல் பிறந்தவர், அப்போது பன்னிரண்டு வயது. ஒல்லியான தேகம். எப்படி இந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தீர்கள் என்று பிற்காலத்தில் கேட்டவர்களிடம் நம்பியார் சொன்ன பதில் மிகவும் எளிமையானது. அவள் ஒல்லியாக இருந்தாள், வேகமாக நடந்தாள், நடையைப் பார்த்ததுமே இவள் நன்றாக ஓடுவாள் என்று தெரிந்துவிட்டது என்றார்.

இதைப் படிக்கும்போது நமக்கு என்னவோ ஜோசியம் போல இருக்கும். அது ஜோசியம் இல்லை. இருபது வருடம் ஓடியவன், ஓட முடியாமல் போன பிறகும் அடுத்தவர் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், அவனுக்கு மட்டும் தெரியும் விஷயம் அது. நெல் மண்டிக்காரர் ஒரு பிடி நெல்லைக் கையில் எடுத்ததும் ஈரப்பதம் சொல்வாரே, அந்த மாதிரி.

இரண்டே ஆண்டில் பலன் தெரிந்தது. 1978-இல் கொல்லத்தில் நடந்த மாநிலங்களுக்கிடையேயான ஜூனியர் போட்டியில் உஷா 100 மீட்டர், 200 மீட்டர், 60 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல் ஆகிய நான்கிலும் தங்கம் வாங்கினார். நீளம் தாண்டுதலில் வெள்ளி. இந்தப் பட்டியலில் இருக்கும் தடை ஓட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடம் கழித்து அது வேலைக்கு வரப்போகிறது.

1980-இல் பதினாறு வயதில் மாஸ்கோ ஒலிம்பிக். முதல் சுற்றோடு வெளியே வந்தார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி. அந்த ஆசியாடை நம் வயதுக்காரர்கள் யாரும் மறக்க முடியாது. வண்ணத் தொலைக்காட்சி வந்ததே அந்தச் சமயத்தில்தான். 100 மீட்டரில் உஷாவை முந்தியவர் பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா. அடுத்த ஆண்டு குவைத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 400 மீட்டரில் தங்கம் வாங்கினார்.

இந்த இடத்தில்தான் நம்பியாரின் மூளை வேலை செய்தது. 100 மீட்டரில் ஆசியாவில் இரண்டாவது என்றால், உலகத்தில் பதக்கம் கிடைக்காது. அமெரிக்கப் பெண்களையும் கரீபியன் தீவுப் பெண்களையும் அந்தத் தூரத்தில் பிடிக்க முடியாது. ஆனால் 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 400 மீட்டர் தடை ஓட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். புதிய போட்டி, அதற்கென்றே பழகியவர்கள் உலகத்திலேயே குறைவு. உஷாவுக்கு வேகம் இருக்கிறது, 400 மீட்டர் ஓடும் தெம்பும் குவைத்தில் தெரிந்துவிட்டது, சின்ன வயதில் தடை தாண்டிய பழக்கமும் இருக்கிறது. மூன்றையும் கூட்டிப் பார்த்த நம்பியார், ஒலிம்பிக் ஆண்டில் துணிந்து அவரைத் தடை ஓட்டத்துக்குத் திருப்பினார். ஆசிய விளையாட்டில் அந்தப் போட்டியில் தங்கம் வாங்கிய எம்.டி. வல்சம்மா நம் நாட்டிலேயே, அதே கேரளத்திலேயே இருந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு சாம்பியன் இருக்கும்போது, புதிதாக இன்னொரு பெண்ணை அதில் இறக்குவது சாதாரண தைரியம் இல்லை.

400 மீட்டர் தடை ஓட்டம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மைதானத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும். வழியில் பத்துத் தடைகள். பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி. புறப்பட்டதிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், பிறகு ஒவ்வொன்றுக்கும் நடுவே 35 மீட்டர், கடைசித் தடைக்குப் பிறகு 40 மீட்டர். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் சூட்சுமம் காலடிக் கணக்கில் இருக்கிறது. இரண்டு தடைகளுக்கு நடுவே எத்தனை எட்டு வைக்கிறோம் என்பது தவறக் கூடாது. ஒற்றைப்படை எண்ணாக வைத்தால் ஒவ்வொரு தடையையும் அதே காலால் தாண்டலாம். ஒரு எட்டு கூடினாலும் குறைந்தாலும் பழக்கமில்லாத கால் முன்னே வரும், தாளம் தப்பும். மூச்சு முட்டும் நேரத்தில், கால் கனக்கும் கடைசி நூறு மீட்டரில், இந்த எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டும். பல்லாயிரம் தடவை ஓடினால்தான் அது உடம்பில் பதியும். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒருவர் நின்று எட்டுகளை எண்ண வேண்டும். அந்த ஒருவர்தான் நம்பியார்.

எங்கே ஓடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்று மாவட்டத் தலைநகரங்களில்கூட சிவப்பு நிற சிந்தெடிக் தளம் போடுகிறார்கள். அன்று கேரளத்தில் அப்படி ஒன்று கிடையாது. மண் மைதானம், இல்லாவிட்டால் பய்யோளிக் கடற்கரை. அலை வந்து போன ஈர மணலில் ஓடினால் ஒவ்வொரு எட்டுக்கும் மணல் காலைப் பிடித்து இழுக்கும். வசதி இல்லாத குறையையே பயிற்சியாக மாற்றிக்கொண்டார்கள். நம்பியார் ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக நிற்பார். பய்யோளி எக்ஸ்பிரஸ் என்ற பட்டப்பெயர் உலகம் முழுக்கப் பரவியதும், அந்தச் சின்ன ஊரை வரைபடத்தில் தேட ஆரம்பித்தார்கள்.

1984 ஆகஸ்ட். ஒலிம்பிக்குக்கு முன்பே அமெரிக்காவில் இங்கிள்வுட் என்ற இடத்தில் நடந்த ஒரு போட்டியில் அமெரிக்காவின் முன்னணி வீராங்கனை ஜூடி பிரவுனை உஷா தோற்கடித்திருந்தார். சோவியத் யூனியனும் கிழக்கு ஜெர்மனியும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன. இந்தப் போட்டியில் பலமான நாடுகள் அவை. பதக்கத்துக்கு வழி திறந்திருந்தது. அரையிறுதியில் உஷா 55.54 வினாடியில் முதலாவதாக வந்தார். ஓட்டப் போட்டியில் ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்குள் நுழைவதே நமக்குப் பெரிய விஷயம். 1960-இல் ரோம் நகரில் மில்கா சிங் நான்காவதாக வந்ததையே இருபத்து நான்கு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 8, இறுதிப் போட்டி. முதல் தடவை வெடி வெடித்தபோது உஷா அருமையாகப் புறப்பட்டார். ஆனால் ஆஸ்திரேலியாவின் டெபி ஃபிளின்டாஃப் முன்கூட்டியே கிளம்பிவிட்டதால் அந்தப் புறப்பாடு செல்லாது என்று எல்லோரையும் திரும்ப அழைத்தார்கள். இரண்டாவது தடவை அந்தத் துடிப்பு வரவில்லை. முதல் தடையை எட்டும்போதே கொஞ்சம் பின்தங்கினார். கடைசி நூறு மீட்டரில் பிடித்துக்கொண்டே வந்தார். மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61 வினாடியில் தங்கம், ஜூடி பிரவுன் 55.20-இல் வெள்ளி. மூன்றாவது யார் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. புகைப்படத்தைப் பார்த்துத் தீர்மானித்தார்கள். ருமேனியாவின் கிறிஸ்டியானா கொஜோகாரு 55.41. உஷா 55.42.

நூறில் ஒரு வினாடி. எழுத்தன் புத்தி சும்மா இருக்காதே, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 மீட்டரை 55.42 வினாடியில் ஓடினால் வினாடிக்கு ஏழு மீட்டர் சொச்சம். நூறில் ஒரு பாகத்துக்கு ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். நம் கட்டைவிரல் நீளம் அவ்வளவுதான். கோட்டைத் தாண்டும்போது நெஞ்சை முன்னே சாய்த்திருந்தால் கிடைத்திருக்கும் என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒலிம்பிக் கிராமத்தில் நம் சாப்பாடு கிடைக்காமல், கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு ஓடியதால் கடைசி மீட்டர்களில் தெம்பு போய்விட்டது என்று உஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்தியாவில் அது ஆகஸ்ட் 9. மாஹேயில் எங்கள் அலுவலகத்தில் அன்று வேலை நடந்ததாக எனக்கு நினைவில்லை. பாதிப்பேர் நான்காவது இடம் என்று பெருமைப்பட்டார்கள், பாதிப்பேர் யாரோ தங்கள் வீட்டில் தவறிப்போனதுபோல உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அலுவலகப் பியூன், வயதானவர், பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர், என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சாரே, அந்தக் குட்டிக்கு வயசு இருபது. அவள் இன்னொரு தடவை ஓடலாம். அந்த மாஷ் என்ன செய்வார்?" மலையாளத்தில் வாத்தியாரை மாஷ் என்பார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாஷ் என்ன செய்தார் என்பதை அவரே பின்னாளில் சொன்னார். உஷாவுக்குப் பதக்கம் தவறியது தெரிந்ததும் நிறுத்த முடியாமல் அழுதாராம். ஒலிம்பிக் பதக்கம் தன் வாழ்நாள் கனவு என்றும், அந்த ஒரு கணத்தை மறக்கவே முடியாது என்றும் சொன்னார். இந்தியாவுக்காக ஒருமுறைகூட ஓட வாய்ப்புக் கிடைக்காத ஒரு மனிதர், பன்னிரண்டு வயதுப் பெண்ணின் காலில் தன் ஓட்டத்தைக் கண்டுபிடித்து, எட்டு வருடம் அதை வளர்த்து, கட்டைவிரல் நீளத்தில் இழந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

தங்கம் வாங்கிய நவாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொராக்கோ பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாடு என்பதால் அந்தப் பெண்ணின் மேல் எனக்குத் தனிப் பிரியம். முஸ்லிம் நாட்டிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் பெண் அவர்தான். அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் நவால் என்று பெயர் வைக்கச் சொன்னார் மன்னர் இரண்டாம் ஹசன். நவால் அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பயிற்சி பெற்றவர். உஷாவுக்குப் பின்னால் பல்கலைக்கழகம் இல்லை, ஒரு கடற்கரையும் ஒரு முன்னாள் சார்ஜண்டும் இருந்தார்கள். அந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் கடைசியில் இருந்த வித்தியாசம் முக்கால் வினாடியும் கொஞ்சமும். இப்படிப் பார்த்தால் நம்பியாரின் வேலை எவ்வளவு பெரியது என்பது புரியும்.

தோல்விக்குப் பிறகு பலர் உடைந்துபோவார்கள். இவர்கள் இருவரும் திரும்பி வந்து மறுபடி மணலில் இறங்கினார்கள். 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. அந்த ஆண்டுகளில் ஆசியாவில் அவரை நெருங்க ஆள் இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்குக்குக் குதிகால் காயத்தோடு போய் முதல் சுற்றிலேயே தோற்றபோது, வாழ்த்திய அதே வாய்கள் தூற்றின. அந்த வசவிலும் பாதி நம்பியாருக்குத்தான். அடுத்த ஆண்டே டெல்லியில் நடந்த ஆசியப் போட்டியில் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வாங்கிப் பதில் சொன்னார் உஷா. 1990-க்குப் பிறகு உஷாவுக்குக் கல்யாணம், குடும்பம், மறுவருகை என்று வாழ்க்கை வேறு திசையில் போனது. மாஷும் மாணவியும் சேர்ந்து உழைத்தது சுமார் பதினான்கு ஆண்டுகள்.

1985-இல் மத்திய அரசு பயிற்சியாளர்களுக்கென்று துரோணாச்சாரியார் விருதை ஏற்படுத்தியது. முதல் ஆண்டில் மூன்று பேர் பெற்றார்கள்: குத்துச்சண்டைக்கு ஓம் பிரகாஷ் பரத்வாஜ், மல்யுத்தத்துக்கு பாலச்சந்திர பாஸ்கர் பாகவத், தடகளத்துக்கு ஓ.எம். நம்பியார். விருதின் பெயர் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். துரோணர் சீடனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கியவர். நம்பியார் எதையும் கேட்டு வாங்கவில்லை.

அதே 1985-இல் உஷாவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வாத்தியாருக்கு அது வந்தது 2021-இல். முப்பத்தாறு வருடம் கழித்து. பல வருடங்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது, தாமதமானாலும் வந்ததே என்று சந்தோஷப்படுகிறேன் என்று அவர் சொன்னார். அப்போது வயது எண்பத்தெட்டு. பார்க்கின்சன்ஸ் நோயால் கை கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான எட்டுகளை எண்ணிய மனிதர், தன் வீட்டுக்குள் எட்டு வைக்க அடுத்தவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினார். தடகளத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் தங்கம். தன்னுடைய முடியாத கனவு முப்பத்தேழு வருடம் கழித்து நிறைவேறியதாக உஷா அன்று எழுதினார். பிறகு நம்பியாரைப் பார்க்கப் போனபோது நீரஜின் தங்கத்தைப் பற்றி அவரிடம் சொன்னதாகவும், சொன்னது அவருக்குப் புரிந்தது, ஆனால் பேச முடியவில்லை என்றும் பத்திரிகைகளில் வந்தது. ஆகஸ்ட் 19 அன்று நம்பியார் காலமானார். நீரஜின் தங்கத்துக்குப் பன்னிரண்டு நாள் கழித்து.

நீரஜ் அவருடைய மாணவர் அல்ல. ஈட்டி எறிதல் அவருடைய துறையும் அல்ல. ஆனால் அந்தச் செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டு அவர் போனார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. மாஹே பியூன் கேட்ட கேள்விக்கும் அதில் பாதிப் பதில் இருக்கிறது. மாஷ் காத்திருந்தார்.

நான் அரசாங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ் ரிஜிஸ்டர்களை எழுதியவன். ஒரு மனிதனின் பணிக்காலம் முழுவதும் சில பக்கங்களில் அடங்கிவிடும். சேர்ந்த தேதி, மாற்றல், ஊதிய உயர்வு, விடுப்பு, ஓய்வு. நம்பியாருக்கு அப்படி ஒன்றைத் தயாரித்தால் என்ன இருக்கும்? விமானப் படையில் பதினைந்து வருடம், சார்ஜண்ட். ஸ்போர்ட்ஸ் கவுன்சிலில் பயிற்சியாளர். சர்வதேசப் போட்டிகளில் இந்தியாவுக்காக விளையாடியது: இல்லை. ஒலிம்பிக் பதக்கம்: இல்லை. ஒரு பெண்ணின் நடையைப் பார்த்ததும், ஒலிம்பிக் ஆண்டில் தடை ஓட்டத்துக்குத் திருப்பியதும், அந்த இரவில் அழுதுவிட்டு மறுவருடம் ஜகார்த்தாவுக்குத் தயார் செய்ததும் எந்தக் கட்டத்திலும் வராது.

நம்மூர்க் கல்வெட்டுகளும் ஒரு வகை சர்வீஸ் ரிஜிஸ்டர்கள்தான். உத்திரமேரூர் என்றால் எல்லோரும் குடவோலையை மட்டும் சொல்வார்கள். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் சேர்ந்து நம்மூரைப் பற்றி எழுதிய நூல் 1970-இல் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சில் வந்தது. என் மனைவியின் ஊர் இது என்பதால், ஓய்வு பெற்று இங்கே குடிவந்த புதிதில் அதை வரிவரியாகப் படித்தேன். நம்மூர்க் கல்வெட்டுகளில் இலக்கணம் சொல்லிக்கொடுப்பவருக்கு நிலம் ஒதுக்கிய செய்தி உண்டு. பக்கத்துத் திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, ஆசிரியர்களுக்கு எவ்வளவு நெல், மாணவர்கள் சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எவ்வளவு எண்ணெய் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஆசிரியருக்குச் சம்பளம் நிர்ணயித்த சமூகம் நாம் என்று பெருமைப்படலாம். ஆனால் அந்த ஆசிரியர் எந்தப் பையனை அடையாளம் கண்டார், யாருக்காகக் கவலைப்பட்டார் என்பது கல்லில் இல்லை. கல்லில் அதை எழுதவும் முடியாது. மாணவர்களின் ஞாபகத்தில்தான் அது இருக்க முடியும். அவர்கள் சொல்லாமல் போனால் அதோடு சரி.

நம்பியாருக்கு அந்தப் பாக்கியம் இருந்தது. அவருடைய மாணவி உலகம் அறிந்தவர், போன இடமெல்லாம் நம்பியார் சார் என்று சொன்னவர். பின்னாளில் அவரே ஒரு பள்ளி வைத்துச் சின்னப் பெண்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். அதில் டின்டு லூகா போன்றவர்கள் உருவானார்கள். மாஷ் எண்ணிய எட்டுகளை இப்போது மாணவி எண்ணுகிறார். ஆனால் எத்தனை ட்ரில் மாஸ்டர்களுக்கு ஒரு உஷா கிடைப்பார்? கிடைக்காதவர்களும் அதே வெயிலில் அதே அக்கறையோடு நின்றவர்கள்தான்.

இப்போதும் நம்மூர் ஏரிக்கரைப் பக்கம் விடியற்காலையில் போனால், போலீஸ் தேர்வுக்காக ஓடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். சில நாள் அவர்களோடு ஒருவர் நிற்பார், கையில் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு. யாருடைய அப்பாவோ, அண்ணனோ, ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரோ. காசு வாங்காமல் நிற்பவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால் நின்று ஒரு வார்த்தை பேசுங்கள். அதோடு, நீங்கள் படித்த பள்ளியின் ட்ரில் மாஸ்டர் பெயர் இன்னும் ஞாபகம் இருந்தால், அதைப் பேரப்பிள்ளைகளிடம் ஒருமுறை சொல்லி வையுங்கள். அவர் எப்படி நிற்பார், எப்படி விசில் ஊதுவார், உங்களைப் பார்த்து என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.